பலசாலிகள் ஒரே பக்கம்!

ரஞ்சிக் கோப்பையின் முதல் கிரிக்கெட் ஆட்டம் நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. ஆண்டு 1934. சென்னை, மைசூரை ஒரே நாளில் தோற்கடித்தது!

அணிகளை மண்டலவாரியாகப் பிரித்திருந்தார்கள். வெகுகாலம், மண்டலத்துக்கு ஓர் அணிதான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். தென் மண்டலத்திலோ சென்னை, மைசூர், ஐதராபாத் என்று மூன்று பலசாலிகள். ஒருவர் முன்னேறினால் மற்ற இருவரும் வீட்டுக்கு! 1970-71-ல்தான் இரண்டு அணிகளுக்கு இடம் கிடைத்தது.

அமெரிக்கக் கூடைப்பந்திலும் இதே கதைதான். அங்கே கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் எட்டு அணிகளுக்கு இடம். 2014-ல் மேற்கில் 48 ஆட்டங்கள் வென்ற பீனிக்ஸ் வெளியே நின்றது. கிழக்கில் 38 வென்ற அட்லாண்டா உள்ளே நுழைந்தது.

ரஞ்சியில் 2002-03-ல் மண்டல முறை போய், தரம் பார்த்துப் பிரித்தார்கள். திசை பார்த்து இடம் கொடுத்தால், திறமை வாசலில்தானே நிற்கும்?