ராக்கெட்டுக்கு இடம் உண்டு. காருக்கு இடம் எங்கே?

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது.

2024-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. 2 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம்!

ஆனால், தசரா அன்று அதே ஊருக்குக் காரில் போய்ப் பாருங்கள். 15 அடி இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு!

15 அடி நீளம், 6 அடி அகலம். ஒரு கார் நிற்க அவ்வளவுதான் வேண்டும். அதற்குள் எத்தனை அலைச்சல்! எத்தனை சண்டை!

இந்த அலைச்சலைக் கையில் இருக்கும் செல்போனால் குறைக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

சிறிய ஊர், பெரிய கூட்டம்

திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 13 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது குலசேகரன்பட்டினம். "குலசை" என்று செல்லமாகச் சொல்வார்கள். ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து போன துறைமுகம். இன்று அமைதியான கடற்கரை ஊர்.

நவராத்திரி வந்துவிட்டால் அந்த அமைதி பறந்துவிடும். முத்தாரம்மன் கோவிலில் தசரா தொடங்கிவிடும். காளி வேடம், ராஜா வேடம், குறவன்-குறத்தி வேடம், கரடி வேடம், குரங்கு வேடம்! நேர்ந்துகொண்ட பக்தர்கள் வேடம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, அதை அம்மன் உண்டியலில் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

10-ம் நாள் நள்ளிரவு, கடற்கரையில் சூரசம்ஹாரம். அதைப் பார்க்க லட்சக்கணக்கில் மக்கள் திரள்வார்கள். பஸ், வேன், கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் அந்தச் சின்ன ஊரை நோக்கித்தான் வரும்.

ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஊருக்கு வெளியே தற்காலிகமாக வண்டி நிறுத்தும் இடங்கள் அமைக்கிறார்கள். சிறப்பு பஸ்கள் விடுகிறார்கள். போலீசார் இரவு பகலாக நிற்கிறார்கள்.

அப்படியும் நெரிசல் ஏன்?

ஆச்சி வந்த வேன்

சாத்தான்குளத்தில் இருந்து ஒரு குடும்பம் வேனில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஆச்சி. ஆச்சிக்கு மூட்டு வலி. ஆனாலும் அம்மனைப் பார்க்காமல் இருக்க முடியாது.

முதல் மைதானத்துக்குப் போகிறார்கள். "நிரம்பிவிட்டது, போ, போ!" என்கிறார்கள். இரண்டாவது மைதானம். அங்கும் அதே பேச்சு. வேனைத் திருப்பப் பார்க்கிறார் அப்பா. பின்னால் வரிசையாக 40 வண்டிகள்! அந்த வரிசைக்குள் ஒரு ஆம்புலன்ஸ். அதில் கிடப்பது யார் பெற்ற பிள்ளையோ!

"ஏங்க, நான் இப்படியே இறங்கி ஆச்சியைக் கூட்டிக்கிட்டு நடந்திடட்டுமா?" என்கிறாள் அம்மா. இருட்டில், அந்தக் கூட்டத்தில், ஆச்சி எப்படி நடப்பாள்?

அரை கிலோ மீட்டர் தள்ளி மூன்றாவது மைதானம். அங்கே பாதி இடம் காலி! அது அவர்களுக்குத் தெரியாது. சொல்ல ஆள் இல்லை.

இடம் இல்லை என்பது ஒரு கஷ்டம். இருக்கிற இடம் தெரியவில்லை என்பது அதைவிடப் பெரிய கஷ்டம். செல்போன் செயலி தீர்க்கக்கூடியது இந்த இரண்டாவது கஷ்டத்தைத்தான். செயலியால் ஒரு அடி நிலத்தைக்கூட உண்டாக்க முடியாது.

காசு போட்டால் கார் நிற்கலாம்!

இது நம் ஊர்த் தலைவலி மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி என்று ஒரு நகரம். அங்கே கடைகளில் வேலை பார்ப்பவர்கள் காலையில் வந்து காரை நிறுத்துவார்கள். மாலையில்தான் எடுப்பார்கள். சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இடமே இருக்காது.

கார்ல் மகீ என்ற பத்திரிகையாசிரியர் இதற்கு ஒரு வழி கண்டார். தெரு ஓரத்தில் ஒரு மீட்டர். காசு போட்டால் குறிப்பிட்ட நேரம் கார் நிற்கலாம். 1935-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி, உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டர் அங்கே வைக்கப்பட்டது. நாள் முழுவதும் நின்ற கார்கள் நகர்ந்தன. மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது.

2011-ம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. சுமார் 8 ஆயிரம் இடங்களில் தரையில் கருவிகளைப் பதித்தார்கள். மேலே கார் வந்து நின்றால் கருவிக்குத் தெரியும். உடனே அது செய்தி அனுப்பும். எந்தத் தெருவில் இடம் இருக்கிறது என்பதைச் செல்போனிலேயே பார்க்கலாம். கூட்டம் அதிகமான தெருவில் கட்டணம் கூடும். காலியான தெருவில் குறையும். இடம் தேடி அலையும் நேரம் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக அந்த நகரத்தின் ஆய்வு கூறியது.

2013-ம் ஆண்டு முடிவில் அந்தக் கருவிகளை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு, மீட்டரில் சேரும் காசுக் கணக்கை வைத்தே எந்தத் தெருவில் எவ்வளவு கூட்டம் என்று மதிப்பிட்டார்கள். விலை உயர்ந்த கருவி இல்லாவிட்டாலும் வேலை நடந்தது. கணக்கு சரியாக இருந்தால் போதும்!

சென்னையிலும் 2019-ம் ஆண்டில் மாநகராட்சியின் "ஸ்மார்ட் பார்க்கிங்" திட்டம் வந்தது. இடம் பார்க்கவும் கட்டணம் செலுத்தவும் செல்போன் செயலி வந்தது.

குலசைக்கு ஒரு செயலி

சரி, குலசைக்கு எப்படிப்பட்ட செயலி வேண்டும்?

10 நாள் திருவிழாவுக்காக மணல் தரையில் கருவி புதைக்க முடியாது. தேவையும் இல்லை. ஒவ்வொரு மைதானத்துக்கும் உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. இரண்டிலும் ஒவ்வொரு ஆள். அவர் கையில் ஒரு செல்போன். வண்டி உள்ளே போனால் ஒரு தடவை அழுத்துவார். வெளியே போனால் ஒரு தடவை அழுத்துவார். வந்ததில் இருந்து போனதைக் கழித்தால் நிற்கும் வண்டிகள் எத்தனை என்று தெரிந்துவிடும்.

ஆனால், ஒரு சிக்கல் உண்டு. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு மைதானத்தில் 1,000 வண்டிகள் நிற்கலாம். 850 வந்துவிட்டன. பாக்கி 150 இடம். "இடம் உண்டு" என்கிறது செயலி. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் திருச்செந்தூரில் இருந்து புறப்படுகிறார். அவர் வந்து சேர 20 நிமிடம். நிமிடத்துக்கு 10 வண்டிகள் உள்ளே போனால், 15 நிமிடத்தில் எல்லா இடமும் தீர்ந்துவிடும். அவர் வந்து ஏமாந்து நிற்பார்!

ஆகவே, இப்போது இடம் இருக்கிறதா என்று சொன்னால் போதாது. "நீங்கள் வரும்போது இருக்குமா?" என்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்குப்படி 200 இடம் பாக்கி இருக்கும்போதே, திருச்செந்தூரில் இருப்பவரை அடுத்த மைதானத்துக்குத் திருப்பிவிட வேண்டும். செயலி செய்பவரின் கெட்டிக்காரத்தனம் இதில்தான் இருக்கிறது.

கரடி மைதானம்

எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் செயலி புரிய வேண்டும். 1951-52-ல் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போடுவதற்காகச் சின்னங்களைக் கொடுத்தார்கள். அந்த யோசனை இங்கேயும் உதவும்.

"பி-3 பார்க்கிங்" என்றால் யாருக்கு நினைவு இருக்கும்? அதற்குப் பதிலாக, தசரா வேடங்களையே மைதானங்களுக்குப் பெயராக வைத்தால்? காளி மைதானம், ராஜா மைதானம், கரடி மைதானம்! வாசலில் பெரிய கரடிப் படம். செல்போனிலும் அதே படம். நள்ளிரவில் சூரசம்ஹாரம் முடிந்து திரும்பும்போது, "நம்ம வேன் கரடிகிட்ட நிக்குது" என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

வண்டி ஓட்டுகிறவர் செல்போனைப் பார்க்கக் கூடாது. எனவே, செயலி வாய் திறந்து தமிழில் பேச வேண்டும்.

லட்சம் பேர் கூடும் இடத்தில் செல்போன் இணைப்பு திணறும். ஆகவே, ஊருக்குள் வந்த பிறகு சொல்லிப் பயன் இல்லை. உடன்குடியிலும் திருச்செந்தூரிலுமே சொல்லிவிட வேண்டும். செல்போன் இல்லாதவர்களுக்காக, அதே கணக்கைச் சாலை முனையில் பெரிய பலகையிலும் காட்ட வேண்டும். கட்டணத்தையும் அதில் எழுதிவிட்டால், கூடுதலாகக் கேட்க யாருக்கும் துணிவு வராது.

யார் கையில் இருக்கிறது?

செயலியை எந்த ஊரில் இருந்தும் எழுதிவிடலாம். ஆனால், அதன் உயிர் மைதானத்தின் வாசலில் நிற்கிறவரின் விரலில் இருக்கிறது. அவர் டீ குடிக்கப் போய் 50 வண்டிகளை எண்ணாமல் விட்டால், செயலி பொய் சொல்லும். ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி அதை நம்ப மாட்டார். அவருக்கு நிழலும், தண்ணீரும், மாற்று ஆளும் கொடுக்க வேண்டும்.

இனி, ராக்கெட் பறக்கும் நாட்களில் அதைப் பார்க்கவும் குலசைக்குக் கூட்டம் வரும். தசராவுக்குப் பழகிய கணக்கு அன்றைக்கும் கைகொடுக்கும்.

சாத்தான்குளத்து ஆச்சிக்கு ராக்கெட்டும் தெரியாது, செயலியும் தெரியாது. வேன் அலையாமல் போய் நிற்க வேண்டும். அம்மனைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். போகிற வழியில் ஆம்புலன்ஸ் ஒன்று தடையில்லாமல் கடந்து போனால், அதற்கும் சேர்த்து அவள் கையெடுத்துக் கும்பிடுவாள்.