மழையில் நனைந்த பழைய பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: புதிய வாகனங்களுக்குப் பூஜை செய்வோரும், தேங்காய் உடைத்து வழிபடுவோரும் திரளும் இடம், இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள பழவங்காடி கணபதி கோவில். பலத்த மழை பெய்தால் இப்பகுதியும் அருகிலுள்ள தம்பானூரும் கிழக்கே கோட்டையும் நீரில் மிதப்பது நகரவாசிகளுக்குப் பழகிப்போன காட்சி. வடிகால்களை மீட்க 2015-ஆம் ஆண்டு 'ஆபரேஷன் அனந்தா' என்ற திட்டமே தொடங்கப்பட்டது.

இந்த நீரைக் கடந்து வீடு திரும்பும் பழைய மோட்டார் சைக்கிள்கள் மறுநாள் காலை எவ்வளவு உதைத்தாலும் அசையாமல் நிற்கும். உடனே பழி பேட்டரி மீது விழும். உண்மையில் பெரும்பாலான பழுதுகள் ஒயர் இணைப்புகளிலும் எர்த் முனைகளிலுமே ஒளிந்துள்ளன.

பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகச் செல்லும் மின்சாரம், வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகவே திரும்புகிறது. சட்டமும் ஒயரும் சேரும் இடத்தில் துரு அல்லது பச்சைக் களிம்பு படிந்தால் மின்தடை உருவாகும். 35 வாட் பல்பு சுமார் 3 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். இணைப்பில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட்டுக்கும் மேல் வீணாகிவிடும்.

இதைக் கண்டறியச் சாதாரண மல்டிமீட்டர் போதும். என்ஜின் ஓடாதபோது, நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவைக் காட்ட வேண்டும். என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயரவில்லை எனில் சார்ஜ் ஏற்றும் பகுதியில் கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. மிகப் பழைய 6 வோல்ட் வண்டிகளில் இவற்றில் பாதி அளவைக் கொள்ளலாம்.

அடுத்து, பிரேக் விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றைப் பின்விளக்கின் உலோகப் பகுதியிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டின் பழைய மாடல்களில் பரிசோதனைக் கருவி வண்டியிலேயே உள்ளது. ஹெட்லைட் மேலுள்ள அம்மீட்டர்தான் அது. சாவியைத் திருப்பி கிக்கரை மெதுவாக அழுத்தும்போது, பாயிண்ட் மூடினால் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, திறந்தால் நடுவுக்குத் திரும்ப வேண்டும். முள் அசையவே இல்லை எனில் ஃபியூஸ், சாவி சுவிட்ச், பாயிண்ட் ஆகியவற்றை இதே வரிசையில் பார்க்கலாம். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டன்சர் மீது சந்தேகம் கொள்ளலாம்.

1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்.எக்ஸ்.100 இதற்கு மாறானது. அதன் பிளக்குக்கான மின்சாரம் மேக்னெட்டோவிலிருந்து வருவதால், பேட்டரி செத்தாலும் என்ஜின் ஓடும். ஸ்டார்ட் ஆகாத ஆர்.எக்ஸ்.100-க்குப் புதிய பேட்டரி வாங்குவது வீண் செலவு. பிளக் கேப்பில் ஈரம் உள்ளதா, சி.டி.ஐ. இணைப்பு தளர்ந்துள்ளதா என்று பார்ப்பதே பயன் தரும்.

இவை அனைத்தையும் விட ஆபத்தானது, எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றும் பழக்கம். ஷார்ட் ஏற்பட்டால் அக்கம்பி அறுந்து வண்டியைக் காப்பாற்றாது. ஒயர்களே சூடேறி உருகும். அந்த ஒயர்கள் செல்வதோ பெட்ரோல் டேங்கின் அடியில்.

ஃபியூஸ் மீண்டும் மீண்டும் எரிந்தால், அதைக் கழற்றிவிட்டு அதன் இரு முனைகளுக்கு இடையே 21 வாட் பல்பு ஒன்றை இணைக்கலாம். விளக்குகளையும் ஹார்னையும் அணைத்த பிறகும் பல்பு முழு ஒளியுடன் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் பழுது. ஹேண்டில்பாரைத் திருப்பித் திருப்பி உராய்வு ஏற்படும் கழுத்துப் பகுதியை முதலில் சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பதிவு பெற்று 15 ஆண்டுகள் நிறைவடைந்த தனிநபர் வாகனங்களை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுசென்று பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஹெட்லைட், பிரேக் விளக்கு, ஹார்ன் ஆகியவை முறையாக இயங்குவது அவசியம் என்பது குறிப்பிடத்தக்கது.