உறவினர் கொடுத்த பழைய புத்தகங்கள்... திருத்தணி ராதாகிருஷ்ணன் வாழ்க்கையில் ஒளிந்திருக்கும் 4 உளவியல் பாடங்கள்!

திருத்தணி முருகன் கோயிலுக்குப் படியேறிப் போனவர்களுக்குத் தெரியும். மொத்தம் 365 படிகள், வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. சூரனோடும், வள்ளிக்காக வேடர்களோடும் போர் முடித்து வந்த முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால்தான் இதற்குத் 'தணிகை' என்று பெயர் வந்ததாகத் தல வரலாறு சொல்கிறது. அறுபடை வீடுகளில் ஐந்தாவது வீடு.

தேர்வு முடிவுகள் வரும் மே, ஜூன் மாதங்களில் இந்தப் படிகளில் ஏறும் குடும்பங்களுக்கு இன்னொரு வேண்டுதலும் இருக்கும். "பிள்ளைக்கு நல்ல காலேஜ்ல சீட் கிடைக்கணும், அவன் ஆசைப்பட்ட குரூப் கிடைக்கணும்." ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்றால்? அங்கேதான் வீட்டில் புயல் ஆரம்பிக்கிறது.

அந்தப் புயலில் சிக்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லத்தக்க ஒரு கதை இதே ஊரில் இருக்கிறது. 1888 செப்டம்பர் 5-ம் தேதி திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் கதை. ஆசிரியர் தினத்துக்குக் காரணமானவர், குடியரசுத் தலைவராக இருந்தவர், தத்துவப் பேராசிரியர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவர் தன் இருபதுகளின் தொடக்கத்தில் உளவியலுக்கு ஓர் அறிமுக நூல் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. 'எசென்ஷியல்ஸ் ஆஃப் சைக்காலஜி' என்ற அந்த நூல் 1912-ல் வெளியானது. இந்தியாவில் உளவியலுக்கென்று தனித் துறை கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது அதற்குப் பிறகுதான். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அது வர 1943 ஆனது.

காசில்லாத வீடு, கைக்கு வந்த புத்தகம்

அன்றைய திருத்தணி, வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு சித்தூர் மாவட்டத்துக்குப் போய், ஆந்திராவோடு சேர்ந்து, எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்த ஊர் இது. ராதாகிருஷ்ணனின் வீடு தெலுங்கு பேசும் வீடு. அப்பா சாதாரண வருவாய்த் துறை ஊழியர். வசதி குறைவு. திருத்தணி, திருப்பதி, வேலூர் எனப் படித்து, அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். படிப்பெல்லாம் உதவித்தொகையில்தான் நடந்தது.

பட்டப் படிப்புக்கு எந்தப் பாடத்தை எடுப்பது? ராதாகிருஷ்ணனுக்கு உறுதியான முடிவு எதுவும் இல்லை. அந்த நேரத்தில், அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர், தான் பயன்படுத்திய பாடப் புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். ஒன்று தர்க்கம், இன்னொன்று ஒழுக்கவியல், மூன்றாவது ஸ்டவுட் எழுதிய உளவியல் பாடநூல். புத்தகச் செலவு மிச்சம். தத்துவப் பாடத்தில் சேர்ந்துவிட்டார். வெளிப்பார்வைக்கு இது வெறும் தற்செயல்தான் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அதாவது, உலகம் கொண்டாடிய ஒரு தத்துவ மேதை, அந்தப் பாடத்தை 'சின்ன வயசுக் கனவு' என்று தேர்ந்தெடுக்கவில்லை. இங்கிருந்துதான் நம் முதல் பாடம் தொடங்குகிறது.

பாடம் 1: ஊக்கம் - ஆர்வம் முதலில் வரவேண்டுமா?

மனிதனைச் செயலுக்குத் தள்ளுவது எது? உளவியலில் இதை 'ஊக்கம்' என்கிறார்கள், பேச்சு வழக்கில் மோட்டிவேஷன். இதில் இரண்டு வகை. மார்க், பரிசு, சம்பளம், திட்டு என வெளியிலிருந்து வருவது ஒன்று. செய்வதே பிடித்திருப்பதால் செய்வது இன்னொன்று.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். 1973-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். மார்க் லெப்பரும் அவரது குழுவினரும், படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னது ஒரு குழுவிடம். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள்கள் கழித்து, குழந்தைகள் தாங்களாகவே வரைய உட்காரும் நேரத்தைக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். பிடித்துச் செய்த விளையாட்டு, கூலிக்குச் செய்த வேலையாக மாறிவிட்டது.

"95 எடுத்தா பைக் வாங்கித் தர்றேன்" என்று சொல்லும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பரிசே தப்பு என்று அர்த்தமில்லை. பிடிக்காத வேலையைத் தொடங்க வைக்கப் பரிசு உதவும். ஏற்கெனவே பிடித்துச் செய்யும் ஒன்றின் மேல் விலைச்சீட்டு ஒட்டும்போதுதான் சிக்கல்.

சரி, உள்ளிருந்து வரும் ஊக்கம் எப்படி வளர்கிறது? டெசி, ரயான் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள். 'இது என் முடிவு' என்ற உணர்வு, 'எனக்கு இது வருகிறது' என்ற நம்பிக்கை, 'என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள்' என்ற நெருக்கம். ராதாகிருஷ்ணனுக்கு முதலாவது ஆரம்பத்தில் இல்லை. இரண்டாவது மெல்ல வந்தது. 1908-ல் வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி அவர் எழுதிய முதுகலை ஆய்வை, பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் மனம் திறந்து பாராட்டினார். 1910-ல் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தபோது, அவருடைய உளவியல் அறிவைப் பார்த்துவிட்டு, சக மாணவர்களுக்கு அவரையே விரிவுரை நடத்தச் சொன்னார்கள். அந்த விரிவுரைகள்தான் 1912-ல் புத்தகமாயின. ஓசியில் வந்த பாடநூலில் தொடங்கியவர், சில வருடங்களில் தானே பாடநூல் எழுதினார்.

எனவே, "எனக்கு எதுல ஆர்வம்னே தெரியலை" என்று பிளஸ் டூ முடித்த பிள்ளை சொன்னால் பதறத் தேவையில்லை. பல நேரம், கொஞ்சம் கைவந்த பிறகுதான் ஆர்வமே வரும்.

பாடம் 2: ஆளுமை - 'அவன் யார்கிட்டயும் பேசமாட்டான்!'

மேடை ஏறினால் கையில் குறிப்பு இல்லாமல் மணிக்கணக்கில் பேசக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர் ராதாகிருஷ்ணன். 1926-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய விரிவுரைகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால், தான் இயல்பில் கூச்சம் உள்ளவர், தனிமையையும் புத்தகங்களையும் விரும்புகிறவர் என்றே அவர் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இது முரண் இல்லை. 1921-ல் கார்ல் யுங் எழுதிய நூல், அகமுகம், புறமுகம் என்ற சொற்களைப் பிரபலமாக்கியது. அன்றிலிருந்து மனிதர்களை இரண்டு டப்பாக்களில் போட்டு மூடும் பழக்கமும் வந்துவிட்டது. இன்றைய உளவியல் அப்படிப் பார்ப்பதில்லை. புதியதை வரவேற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கவலைப்படும் தன்மை என ஐந்து பண்புகளை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் எல்லோரிடமும் உண்டு, அளவுதான் வேறு. உயரம் மாதிரி. உலகில் குள்ளம், நெட்டை என இரண்டே வகை மனிதர்களா இருக்கிறார்கள்?

பண்பு வேறு, திறமை வேறு. கூச்சமுள்ள பிள்ளை பேச்சாளராகலாம். பேசி முடித்ததும் அவனுக்குத் தனியாக இருக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அவ்வளவுதான். விருந்தினர் முன் "இவ சரியான ஊமைக்கோட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது, அந்தப் பெயர்ப்பலகையைப் பிள்ளை சிரிக்காமல் மாட்டிக்கொள்கிறாள்.

பாடம் 3: வளர்ச்சி - வயதுக்கு ஒரு கேள்வி

ஒரு சின்ன சோதனையை இன்று மாலை காபி நேரத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் சம அளவு பால் ஊற்றி, நாலு வயதுக் குழந்தையிடம் காட்டுங்கள். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்லும். அதன் கண் முன்பாகவே ஒன்றை அகலமான டவராவில் ஊற்றுங்கள். இப்போது கேட்டால், 'டம்ளர்லதான் நிறைய' என்று பெரும்பாலும் சொல்லும். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே இப்படித்தான் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்தார். அந்தக் குழந்தை முட்டாள் இல்லை. அந்த வயதின் மூளை அப்படித்தான் கணக்குப் போடும். ஏழு, எட்டு வயதில் தானாகச் சரியாகிவிடும்.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். காந்தியின் அகமதாபாத் மில் தொழிலாளர் போராட்டத்தை மையமாக வைத்து 1969-ல் அவர் எழுதிய நூலுக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அவர் கணக்கில், பதின்பருவத்தின் மையக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'நான் யார்?'

ராதாகிருஷ்ணனுக்கு அந்தக் கேள்வி கல்லூரியில் கூர்மையாக வந்தது. அங்கே இந்து சமயத்தின் மீது வைக்கப்பட்ட விமர்சனங்கள் தன்னைக் காயப்படுத்தின என்றும், இந்து மதத்தில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று ஆராயத் தன்னைத் தூண்டின என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். கேட்டதை அப்படியே ஏற்கவும் இல்லை, கோபத்தில் படிப்பை விடவும் இல்லை. கேள்வியை எடுத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். அவர் ஆய்வுக்கு வேதாந்தத்தை எடுத்ததன் பின்னணி இதுதான்.

வீட்டில் எதிர்த்துப் பேசும் 16 வயதுப் பிள்ளையும் பெரும்பாலும் இதே கேள்வியைத்தான் வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு 'பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே' என்பது பதில் ஆகாது.

பாடம் 4: மன அழுத்தம் - எவ்வளவு இருந்தால் நல்லது?

ராதாகிருஷ்ணன் தன் ஆய்வை எழுதிய அதே 1908-ல், அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சரியான வழியைக் கற்றுக்கொள்ள, தவறினால் லேசான மின் அதிர்ச்சி. எளிய பாடத்தில் அதிர்ச்சி கூடக் கூட எலிகள் வேகமாகக் கற்றன. கடினமான பாடத்திலோ, நடுத்தர அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன. அதைத் தாண்டியதும் தடுமாறின. பரீட்சைக்கு முந்தைய நாள் வரும் லேசான படபடப்பு உதவும். அதே படபடப்பு எல்லை மீறினால், தெரிந்த பதிலும் மறந்துபோகும்.

'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை உடல் சார்ந்த பொருளில் நிலைநிறுத்தியவர் ஹான்ஸ் செலியே. 1936-ல் அவர் எழுதிய குறுங்கட்டுரையில் மூன்று கட்டங்களைச் சொன்னார். முதலில் உடல் அபாய மணி அடிக்கிறது. பிறகு தாக்குப்பிடிக்கிறது. ஓய்வே கிடைக்காவிட்டால் தளர்ந்து விழுகிறது. அழுத்தம் வருவது இயல்பு, அது இறங்காமலே இருப்பதுதான் ஆபத்து. சினம் வருவதும் தணிவதும் இரண்டுமே முக்கியம் என்பதைத் திருத்தணிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவருடைய வாழ்க்கையை வைத்து எல்லோருக்கும் விதி எழுத முடியாது. உதவித்தொகை கிடைக்காமல், உறவினர் உதவாமல் பாதியில் நின்றுபோன பிள்ளைகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதனால்தான் வீட்டில் இருப்பவர்களின் பங்கு பெரிதாகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* "எத்தனை மார்க்?" என்பதற்கு முன், "இன்னைக்கு எது புரிஞ்சுது?" என்று கேளுங்கள்.

* ஆசைப்பட்ட கோர்ஸ் கிடைக்கவில்லை என்றால், கிடைத்ததைப் பற்றி உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். ஒரு செமஸ்டர் படித்துப் பார்க்க விடுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், மாறுவது தோல்வி அல்ல.

* முடிவை நீங்களே எடுக்க வேண்டிய இடத்திலும், அதற்குள் பிள்ளை தேர்ந்தெடுக்க ஏதாவது ஒன்றை விட்டுவையுங்கள்.

* உடன்பிறந்தவரோடும் பக்கத்து வீட்டோடும் ஒப்பிடாதீர்கள்.

* தூக்கத்தைத் திருடிப் படிக்க வைக்காதீர்கள். படித்தது நினைவில் தங்குவதே தூக்கத்தில்தான் உறுதியாகிறது.

* சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேல் போனால், 'சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416. 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

டிசம்பர் 31 அன்று திருத்தணியில் படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, பாட்டுப் பாடி, கற்பூரம் ஏற்றிய பிறகே அடுத்த படி. அவசரமாக உச்சிக்குப் போகவேண்டும் என்றால் வாகனப் பாதை இருக்கிறது. ஆனாலும், அன்று வருகிறவர்கள் ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான் ஏறுகிறார்கள். அடுத்த முறை பிள்ளையோடு மலையேறும்போது, மார்க் பற்றிய பேச்சைக் கீழேயே விட்டுவிட்டு ஏறிப் பாருங்கள். 365 படிகளுக்குள் அவர்களே எதையாவது பேச ஆரம்பிப்பார்கள்.