தேய்மானத்தையும் சேர்த்து வரையும் கணினி

கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் அரிசி ஆலையிலோ, வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலோ, மக்காச்சோளக் கதிரடிக்கும் எந்திரத்திலோ ஓர் உறுப்பு முறிந்துவிட்டால் அதற்குரிய வரைபடத்தைத் தேடுவோர் அரிது. முறிந்த துண்டையே கையில் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குச் செல்வதும், கடைசல்காரர் அதை அளந்து அதைப் போலவே இன்னொன்றைக் கடைந்து கொடுப்பதுமே வழக்கம். பட்டறை மொழியில் 'சாம்பிள்' எனப்படும் அந்தத் துண்டுதான் வரைபடத்தின் வேலையைச் செய்கிறது. அவசரத்துக்கு ஆலையை ஓடவைக்கும் இம்முறையைக் குறை கூற இயலாது. ஆனால், கணினிவழி வடிவமைப்பும் கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் எந்திரங்களும் சிறு பட்டறைகளை எட்டியுள்ள இக்காலத்தில், அதே சாம்பிளை அளந்து திரையில் முப்பரிமாண உருவமாக ஏற்றி, கோப்பாகச் சேமித்து, அடுத்தடுத்த உறுப்புகளை அக்கோப்பிலிருந்தே வெட்டும் பழக்கம் பரவும்போது, முன்பு ஓர் உறுப்போடு முடிந்துபோன பிழை இப்போது நிலையான ஆவணமாகிவிடுகிறது. சாம்பிளாகக் கிடைப்பது வடிவமைத்தவர் மனத்தில் இருந்த உறுப்பு அன்று. பல பருவங்கள் உழைத்துத் தேய்ந்த உறுப்பு.

பேரிங் ஏறும் தண்டை, அதாவது ஷாப்டை, எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 6205 என்று பொறித்த பேரிங்கின் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் அதன் உள்விட்டம் 25 மி.மீ. என்று கிடைக்கும், வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. என்பன உலகெங்கும் ஒன்றே. தேய்ந்த ஷாப்டை மைக்ரோமீட்டரால் அளப்பவருக்கு 24.93 மி.மீ. கிடைக்கிறது என்று கொள்வோம். அவர் அளந்தது சரி, அளவு நேர்மையானது, ஆயினும் அதை அப்படியே திரையில் பதிவது தவறு. ஷாப்ட் சுழலும் எந்திரங்களில் பேரிங்கின் உள்வளையம் ஷாப்டை இறுகப் பற்றியிருக்க வேண்டும் என்பதால், பளு மிகாத இடங்களில் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் கே6 என்னும் பொருத்த வகுப்பின்படி அந்த இடத்தின் விட்டம் 25.002 மி.மீ.க்குக் குறையாமலும் 25.015 மி.மீ.க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். ஓர் அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று வரையறுக்கும் இந்த எல்லைக்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். இங்கே அதன் அகலம் 13 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 24.93 என்று வெட்டிய புதிய ஷாப்டில் பேரிங் கையாலேயே ஏறிவிடும். எளிதாக ஏறிற்று என்று பட்டறையில் மகிழ்வதும் உண்டு. சில வாரங்களில் உள்வளையம் ஷாப்டின் மீதே வழுக்கிச் சுழன்று, சூடேறி, இன்னும் தேய்ந்து, அடுத்த சாம்பிளாகத் திரும்பி வரும்போது அதன் அளவு இன்னும் குறைந்திருக்கும்.

ஆகவே முறிந்த உறுப்பை அளக்கும் வடிவமைப்பாளர் முதலில் தேட வேண்டியது அது தேயாத இடத்தை: புல்லிக்கு அடியில் மறைந்திருந்த பகுதி, பேரிங்கைத் தாண்டி நீளும் முனை, கிரீஸ் படிந்து எதனோடும் உரசாத தோள். அடுத்து அளக்க வேண்டியது அந்த உறுப்பை அன்று, அதனோடு இணையும் உறுப்பை. கிடைக்கும் எண் ஒரு தரநிலை அளவுக்கு மிக அருகில் நின்றால், தரநிலை அளவே மூல அளவு என்றும் எஞ்சியது தேய்மானம் என்றும் கொள்வது பெரும்பாலும் பொருந்தும்.

எந்தத் தரநிலை என்பதிலும் தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தச்சரும் ஃபிட்டரும் இன்றும் நூல் கணக்கில் பேசுகின்றனர். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதால் ஒரு நூல் 3.175 மி.மீ. ஐந்து நூல் போல்ட்டின் விட்டம் 15.875 மி.மீ.; 16 மி.மீ. மெட்ரிக் போல்ட்டிலிருந்து அது எட்டில் ஒரு மில்லிமீட்டர்தான் விலகுகிறது, ஆகவே வெர்னியரால் அவசரமாக அளப்பவர் இரண்டையும் ஒன்றென்றே கொள்வார். பழைய ஆங்கில விட்வொர்த் முறையில் ஐந்து நூல் போல்ட்டுக்கு ஓர் அங்குலத்தில் 11 மரைகள். மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் போல்ட்டில் மரைக்கு மரை 2 மி.மீ. இடைவெளி; கோணம் 60 பாகை. ஒன்றின் நட் மற்றொன்றில் ஓரிரு சுற்று ஏறி இறுகி நிற்கும்போது, போதிய பலமில்லை என்று நீண்ட ஸ்பேனரைப் போட்டு முறுக்குவதுதான் நடக்கிறது. மரையின் இடைவெளியைக் காட்டும் சீப்பு போன்ற பிட்ச் கேஜ் விலை குறைந்த கருவி. அதை வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். வகைக் கோப்பிலும் இதே ஆபத்து வேறு உருவில் இருக்கிறது: அக்கோப்பில் எண் மட்டும் உண்டு, அலகு இல்லை, 25 மி.மீ. என்று வரைந்த உறுப்பைப் பெறுபவரின் கணினி 25 அங்குலமாகத் திறந்தால் அது 635 மி.மீ. ஆகிவிடும்.

அளவுகள் தனித்தனி எண்கள் அல்ல, ஒன்றையொன்று சார்ந்தவை என்ற அறிவு இந்த மண்ணுக்குப் புதிதன்று. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தின் பின்னணியில் உள்ள சிற்ப மரபு தாலமானம் என்னும் அளவை முறையைக் கொண்டது. அம்முறையில் முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். நவதால உருவத்தின் உயரம் ஒன்பது தாலம், ஆக 108 அங்குலம். இந்த அங்குலம் அளவுகோலில் உள்ள 25.4 மி.மீ. அன்று; உருவத்தின் உயரத்தை வகுத்துப் பெறுவது. 54 செ.மீ. உயர உருவத்தில் அது 5 மி.மீ.; 108 செ.மீ. உருவத்தில் 10 மி.மீ. உயரம் மாறினால் உறுப்புகள் அனைத்தும் விகிதம் பிறழாமல் தாமாகவே மாறிக்கொள்ளும். ஒளிப்பேனாவால் திரையில் வரைந்து, இக்கோடு அக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளையும் விதிக்க வழிசெய்த ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலை ஐவன் சதர்லேண்ட் 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாக்கியபோது கணினி அடைந்ததும், 1980களின் இறுதியில் பாராமெட்ரிக் வரைவு என்ற பெயரில் தொழிற்கூடங்களுக்கு வந்ததும் இத்தகைய சார்புறவே. இடையில் 1982-இல் வந்த ஆட்டோகேட் வரைபலகையைத் திரைக்கு மாற்றியது. கோடு கோடாகவே இருந்தது.

பாராமெட்ரிக் முறையில் வரைபவர் எந்த அளவை முதலாக வைக்கிறார் என்பதில்தான் வடிவமைப்பு இருக்கிறது. பேரிங்கின் உள்விட்டத்தை முதலாக வைத்து, ஷாப்டின் தோள், பூண், மூடி ஆகியவற்றின் அளவுகளை அதிலிருந்து பெறுமாறு எழுதியவர், நாளை 6206 பேரிங்குக்கு மாறும்போது ஒரே எண்ணைத் திருத்துவார். சாம்பிளில் கண்ட முப்பது எண்களை முப்பது இடங்களில் தட்டச்சு செய்தவரோ முப்பதையும் திருத்துவார், இரண்டை மறப்பார். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பொதுவான ஸ்டெப் வகைக் கோப்பாக மாற்றும்போது உருவம் செல்கிறது, இந்தச் சார்புறவு பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது என்பதால் மூலக் கோப்பையும் உடன் வைத்திருப்பது இன்றியமையாதது.

இவற்றில் எதையும் மென்பொருள் கற்பிப்பதில்லை என்பதே பெருங்கவலை. கள்ளக்குறிச்சி நகரில் கூலி வேலையை நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் ஒரு படிக்கட்டு. அதில் ஏறி வருபவர்கள் மேலும் கடன் பட்டுச் சேரும் கணினி வரைவுப் பயிற்சிகளில் கட்டளைகளைப் பழகுகிறார்கள், விசைகளைப் பழகுகிறார்கள், பளபளக்கும் உருவத்தைச் சுழற்றிக் காட்டப் பழகுகிறார்கள். மைக்ரோமீட்டரைப் பிடித்து அதன் சுழிப்பிழையைப் பார்க்கவும், ஒரே ஷாப்டை மூன்று இடங்களில் இரண்டு திசைகளில் அளக்கவும் அதே அளவு நேரம் ஒதுக்கப்படுகிறதா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. திரை எதையும் நான்கு தசமம் வரை காட்டும், 24.9300 என்று திரையில் நிற்கும் எண்ணுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அந்தக் கம்பீரத்தை வயதில் மூத்த கடைசல்காரர்கூட எதிர்த்துக் கேட்கத் தயங்குகிறார். கட்டணமின்றிக் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருள் 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டிவிட்ட நிலையில் மென்பொருளின் விலை இனித் தடையன்று. அளக்கும் பழக்கமே அரிய பொருளாகி வருகிறது. முப்பரிமாண ஸ்கேனர் இக்குறையைத் தீர்த்துவிடும் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் ஸ்கேனரும் தேய்ந்த மேற்பரப்பைத்தான் படம் பிடிக்கிறது, முன்னிலும் துல்லியமாக.

அளக்கும்போது கண்ணில் படாமல் போவதற்குக் கூர்மூலையே சிறந்த சான்று. ஷாப்டின் விட்டம் மாறும் தோளில் மூலத்தில் ஒரு சிறு வளைவு விடப்பட்டிருக்கும். அதற்கு ஃபில்லட் என்று பெயர். முறிந்த ஷாப்ட் பெரும்பாலும் அந்த இடத்திலேயே முறிவதால் சாம்பிளில் வளைவு சிதைந்து போயிருக்கும். திரையிலோ வரைபவர் கேட்காதவரை மூலை கூராகவே அமையும். சுழலும் ஷாப்டில் ஒவ்வொரு சுற்றிலும் இழுவிசையும் அமுக்குவிசையும் மாறி மாறி வருவதால் கூர்மூலையில் தகைவு குவிந்து, மயிரிழை விரிசல் தோன்றி, ஒருநாள் சட்டென்று முறிகிறது. அவ்வளைவைப் பெரிதாக விட்டாலும் பேரிங் தோளில் போய் உட்காராது. 6205-க்கு ஒரு மில்லிமீட்டருக்கு மிகாமல் விடுவதே அளவு.

மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் விளைவிக்கும் சாமைக்கு உமி நீக்கும் எந்திரங்களிலும் இதே கதைதான் தொடரும். மையவிலக்கு முறையில், சுழலும் தட்டு தானியத்தை வளையத்தின் மீது வீசி மோதவைக்கிறது. மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், வேகம் பத்து விழுக்காடு கூடினால் மோதல் 21 விழுக்காடு கூடி அரிசி நொய்யாகும். குறைந்தால் உமி நிற்கும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது மோட்டாரின் புல்லி. பி வகை வி-பெல்ட்டின் மேலகலம் 17 மி.மீ., தடிமன் 11 மி.மீ.; பெல்ட்டின் பக்கச் சரிவுகளுக்கு இடையே 40 பாகைக் கோணம் இருக்க, சிறிய புல்லியின் காடிக்கு 34 பாகையே வைக்கப்படுவது, பெல்ட் வளையும்போது அதன் உட்பக்கம் பிதுங்கிக் கோணம் குறுகுவதால்தான். காடி தேயத் தேய பெல்ட் ஆழத்தில் இறங்குகிறது, புல்லியின் பயனுறு விட்டம் குறைகிறது, எந்திரம் மெதுவாகிறது. காடியின் அடித்தளம் பளபளவென்றிருந்தால் பெல்ட் அங்கே தொட்டு வழுக்குகிறது என்று பொருள். அப்புல்லியை அளந்து வரைவதில் பயனில்லை. பெல்ட்டின் வகையையும், எந்திரம் சுழல வேண்டிய வேகத்தையும், மோட்டாரின் வேகத்தையும் கேட்டறிந்து விட்டத்தைக் கணக்கிட்டே வரைய வேண்டும். வரைபடத்தின் கீழ் வலது மூலையில் பெயர்க்கட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. வரைந்தவர் பெயருக்கும் தேதிக்கும் கீழே, எந்த அளவு தரநிலையிலிருந்து எடுத்தது, எது தேயாத இடத்தில் அளந்தது, எது கணக்கிட்டுப் பெற்றது, எது வெறும் ஊகம் என்று தமிழிலேயே நான்கு வரி எழுதிவைக்க அங்கே இடம் தாராளமாக உண்டு.