ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்

முன்பல் விழுந்தால் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். பிள்ளை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடிவரும்; கூரைமேல் எறியச் சொல்வார் பாட்டி. கிட்டத்தட்ட அதே சமயத்தில், பால் கடைவாய்ப் பற்களுக்கும் பின்னால், மேலும் கீழுமாக நான்கு புதுப் பற்கள் முளைக்கின்றன. இவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை. எட்டு, ஒன்பது வயதில் அவற்றில் ஒன்றில் குழி விழுந்து பிள்ளை வலியில் துடிக்கும்போது, "பால் பல்தானே டாக்டர், பிடுங்கிடுங்க, வேற முளைச்சிடும்" என்கிறார்கள் பெற்றோர். வேறு முளைக்காது. அது நிலையான பல். வாழ்நாள் முழுக்க மென்று தின்பதற்கு உள்ள பல்.

வாயிலேயே அதிகம் சொத்தையாகும் பற்களில் இதுவும் ஒன்று. இதன் மேற்பரப்பு முழுக்கப் பள்ளமும் பிளவும். பல பிளவுகளில் பிரஷ்ஷின் ஓர் இழைகூட நுழையாது. பல் முழுதாக மேலே வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே கிடப்பதால், நேராகத் தேய்த்தால் பிரஷ் இதைத் தொடாமலே போய்விடும். புதுப் பல்லின் எனாமலும் உமிழ்நீரிலுள்ள கால்சியம், பாஸ்பேட்டை வாங்கி இறுகக் காலம் பிடிக்கும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் வாயில் தங்கும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போல ஆகும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம்.

இதை உறுதியாகக் காட்டியது சுவீடனின் விபேஹோல்ம் மருத்துவமனையில் 1945இல் தொடங்கிய ஆய்வு. சாப்பாட்டோடு இனிப்பு உண்டவர்களைவிட, இடையிடையே ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குச் சொத்தை மிக அதிகமாக வந்தது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளின் பற்களை, அவர்கள் சம்மதமில்லாமல் பலிகொடுத்து நடந்த ஆய்வு அது. மன்னிக்க முடியாத செயல். அவர்கள் அனுபவித்த வேதனையில் கிடைத்த இந்த உண்மையை நாம் அலட்சியப்படுத்துவது அதைவிடக் கொடுமை என்றே எனக்குத் தோன்றுகிறது. பள்ளி வேனில் ஜெல்லி மிட்டாய், டியூஷனுக்கு முன் பிஸ்கட், படுக்கும்போது சர்க்கரை போட்ட பால் என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தால், எனாமல் மீள இடைவெளியே கிடைக்காது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பும் குறைந்துவிடும். இரவில் பல் தேய்த்தபின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பிளவுகளையே மூடிவிடவும் வழி இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் தடவிய எனாமலில் ரெசின் உறுதியாக ஒட்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் 1955இல் காட்டினார். அதிலிருந்து பிறந்ததே 'சீலன்ட்' பூச்சு. பல்லைச் சுத்தம் செய்து, அமில ஜெல்லைச் சில விநாடிகள் வைத்துக் கழுவி, காற்று ஊதி உலர்த்துவார்கள். பல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துத் தெரியும். அதன்மேல் திரவ ரெசினைப் பிளவுகளில் ஓடவிட்டு நீல ஒளியில் இறுக வைப்பார்கள். ஊசியும் இல்லை, துளைப்பதும் இல்லை. எச்சில் பட்டால் ஒட்டாது என்பதால் பல் போதிய அளவு வெளியே வந்திருக்க வேண்டும். பூச்சு சில சமயம் பெயரும். ஆறு மாதத்துக்கொரு முறை காட்டிக்கொள்வது நல்லது.

ஃப்ளூரைடு பேஸ்ட்டும் அவசியம், அளவோடு. இந்தப் பல்லின் தலைப்பகுதி பிறந்த சமயத்திலேயே தாடைக்குள் உருவாகத் தொடங்கி மூன்று வயது வாக்கில் முடிகிறது. அந்தக் காலத்தில் ஃப்ளூரைடு அதிகமாக உடம்புக்குள் போனால் எனாமலில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரால் இந்தக் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதைத் தடுக்க வந்ததுதான். எனவே மூன்று வயதுவரை அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். பிள்ளை துப்பப் பழக வேண்டும்.

ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கை சரியாகப் பல் தேய்க்கப் பழகியிருக்காது. பெரியவர் பின்னால் நின்று, பிள்ளையின் தலையைத் தன்மேல் சாய்த்து, கன்னத்தைச் சற்று விலக்கி, பிரஷ்ஷைப் பக்கவாட்டில் குறுக்காக நுழைத்து, கடைசிப் பல்லை மட்டும் தனியாகத் தேய்த்துவிட வேண்டும்.