மார்கழிக் குளிரில் ஓணான் குஞ்சு ஒடுங்குவது ஏன்?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்குகிறோம். பல்லிக்குத் தூரத்து உறவான ஓணான் வயல் வேலியில் தலையாட்டினால் கல்லை எடுக்கிறோம். மற்ற மாதங்களில் ஓணான் ஓடித் தப்பிவிடும். மார்கழி, தை மாதக் காலை வேளையில் அதனால் விரைந்து ஓட முடிவதில்லை. ஓரிக்கை போன்ற பாலாற்றுப் பக்கத்துக் கிராமங்களில் சம்பா அறுவடையும், நவரைக்கு வரப்பு செதுக்கும் வேலையும் இந்தச் சமயத்தில்தான் வருகின்றன. மண்வெட்டி முனையில் அசையாமல் கிடக்கும் ஓணான் குஞ்சைச் செத்தது என்று எண்ணி எறிந்துவிடுகிறோம். பல வேளைகளில் அது சாகவில்லை, குளிரில் ஒடுங்கியிருக்கிறது.

ஒடுக்கத்துக்குக் காரணங்கள்

முதற்காரணம் வெப்பக் குறைவு. ஓணானின் உடல் தானாகப் போதிய சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலில் காய்ந்து உடற்சூடு 30 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறினால்தான் அது சுறுசுறுப்பாக இரை தேடும். குளிரும் மேகமூட்டமும் சேர்ந்தால் இதயத்துடிப்பும் மூச்சும் குறைந்துவிடும். குளிர்ந்த வயிற்றில் இரை செரிக்காது. எனவே இரை எடுப்பதும் நின்றுவிடும்.

இரண்டாவது காரணம் பகல் சுருங்குவது. மூன்றாவது, ஆண்டுதோறும் பருவத்தை உணர்த்தும் உடலின் உட்கடிகாரம். இம்மூன்றும் சேர்ந்தால் ஒடுக்கம் ஆழமாக இருக்கும்.

நம் பகுதியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரந்தான். நடுப்பகலில் வெயிலும் வந்துவிடுகிறது. ஆகவே நம் ஓணான் மாதக்கணக்கில் உறங்குவதில்லை. குளிர்ந்த நாட்களில் ஒடுங்கி, வெயில் வந்ததும் எழுந்துவிடும். வாரணாசி போன்ற வடநாட்டுச் சமவெளியில் இதே ஓணான் கடுங்குளிர் மாதங்களைப் பொந்துக்குள்ளேயே கழிக்கிறது.

நகரங்களில் சிலர் செல்லப்பிராணியாக வளர்க்கும் தாடி ஓணானும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதி. அங்கு ஜூலை மாதந்தான் குளிர்காலம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வட்டாரத்தில் அப்போது இரவு வெப்பம் 4 டிகிரி அளவுக்கு இறங்கும். பகல் நேரமும் கோடையைவிட ஏறக்குறைய மூன்று மணி நேரம் குறையும். அதனால் அது வாரக்கணக்கில் ஒடுங்கக்கூடியது.

குஞ்சுகளின் நிலை வேறு

வளர்ந்த ஓணானின் வயிற்றுக்குள் கொழுப்புச் சேமிப்பு இருக்கும். இரையில்லா நாட்களில் அது கைகொடுக்கும். குஞ்சிடம் அந்தச் சேமிப்பு குறைவு. உடல் சிறியதாகையால் சூடும் விரைவில் வெளியேறிவிடும். பெண் ஓணான் ஈரமண்ணில் குழி தோண்டி 10 முதல் 20 முட்டைகள் வரை இடும். மழை தவறினால் முட்டைகளை இடாமல் உடலுக்குள்ளேயே தாங்கிக்கொள்கிறது என்று தார்வாடு கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். மழை பிந்தினால் குஞ்சு பொரிப்பதும் பிந்தும். பிந்திப் பொரித்த குஞ்சுகள் சிறிய உடலோடு மார்கழியைச் சந்திக்க வேண்டியுள்ளது.

வீட்டில் வளரும் தாடி ஓணானுக்கும் இது பொருந்தும். ஒரு வயது நிரம்பாத குஞ்சுகள் பொதுவாக நீண்ட ஒடுக்கத்துக்குப் போவதில்லை. சூட்டு விளக்கு சரியாக எரிந்தும் குஞ்சு இரையெடுக்காமல் மெலிந்து படுத்தே கிடந்தால் அது உறக்கமன்று, நோயாக இருக்கலாம். குடற்புழு போன்ற கோளாறு உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும்போது வாயைத் திறந்து இரையைத் திணிக்கக் கூடாது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

ஓணானின் முக்கிய உணவு வெட்டுக்கிளி, வண்டு, புழு, எறும்பு முதலியன. மருந்துச் செலவில்லாமல் பூச்சி பிடிக்கும் வேலையாள் அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்து சிவப்பதைப் பார்த்து இரத்தம் உறிஞ்சும் என்பது தவறு. அதற்கு விஷமும் இல்லை.

1. வரப்பு செதுக்குதல், வேலி கழித்தல் ஆகியவற்றை வெயில் ஏறிய பிறகு தொடங்கினால் ஓணான் தானே விலகிவிடும்.

2. கழித்த முள்ளையும் சருகையும் உடனே கொளுத்த வேண்டாம். முதலில் கோலால் தட்டிக் கலைத்துவிடுங்கள்.

3. அசையாத குஞ்சைக் கண்டால், பக்கத்தில் நிழலும் உள்ள இளவெயில் இடத்தில் விட்டுவிடுங்கள். உயிரிருந்தால் சூடேறியதும் எழுந்து ஓடும். அடுப்பருகே வைக்கக் கூடாது.

4. பாம்பும் இவ்வாறே குளிரில் மந்தமாகும். மந்தமாக இருப்பதால் விஷம் குறைந்துவிடாது. வைக்கோற்போரிலும் வரப்புப் பொந்திலும் வெறுங்கையை விடாதீர்கள். கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மார்கழியில் வேலியோரம் ஒடுங்கிக் கிடக்கும் குஞ்சை விட்டுவைத்தால், நவரைப் பயிர் தழைக்கும் நாட்களில் அதுவே நம் வயலில் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும்.