நெல்லி, கடுக்காய், சீகை: பழனி மலை தரும் பாடம்

பழனி அடிவாரத்தில் உள்ள திருஆவினன்குடிக் கோயிலின் தலமரம் நெல்லி. அதியமான் ஔவைக்கு அளித்த கனியும் நெல்லியே. இந்தச் செய்திகளை நம் மாணவர்கள் நன்றாகச் சொல்கிறார்கள். ஆனால் இலையைக் காட்டி மரத்தின் பெயரைக் கேட்டால் பலர் தயங்குகிறார்கள். கதையையும் மரத்தையும் இணைத்துக் கற்பிக்கப் பழனி மலைத்தொடர் நமக்கு நல்ல வாய்ப்பைத் தருகிறது.

இம்மலையின் தாழ்வான சரிவுகளில் உள்ள இலையுதிர் காடுகளுக்கு உரியவை நெல்லி, கடுக்காய், தான்றி ஆகிய மூன்றும். இவற்றின் காய்கள் சேர்ந்ததே திரிபலா. ஆயுர்வேதம், சித்தம் இரண்டிலும் இதற்குச் சிறப்பிடம் உண்டு. இந்திரன் அமுதம் அருந்தியபோது சிந்திய துளியில் கடுக்காய் பிறந்தது என்பது புராண மரபு. தான்றியோ, நளனை விட்டு நீங்கிய கலி புகுந்த மரம். கதையில் பழி சுமந்த மரத்தையும் மருத்துவர்கள் ஒதுக்கவில்லை. ஏன் என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் பிறக்கும்.

மூன்று காய்களுக்கும் பொதுவான சுவை துவர்ப்பு. அதற்கு முக்கியக் காரணம் டேனின் என்னும் வேதிப்பொருள். அது உமிழ்நீரில் உள்ள புரதத்துடன் பிணைவதால் வாய் உலர்ந்ததுபோல் தோன்றுகிறது. விலங்குத் தோலில் உள்ள புரதத்துடன் பிணையும்போது தோல் அழுகாமல் பதப்படுகிறது. தோல் பதனிடும் தொழிலில் கடுக்காய் பயன்பட்டது இதனால்தான்.

இதை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு தேக்கரண்டி கடுக்காய்த் தூளை வெந்நீரில் கலந்து, துருப்பிடித்த ஆணி ஒன்றை அதில் இட்டு வையுங்கள். மறுநாள் நீர் கறுத்திருக்கும். டேனின் இரும்புடன் சேர்ந்ததன் விளைவு இது. கடுக்காயுடன் அன்னபேதி சேர்த்து அக்காலத்தில் எழுதும் மை தயாரித்ததும் இம்முறையில்தான்.

இனி மேல்மலைக்குச் செல்வோம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் பகுதியின் இயற்கை வேறு. மடிப்புகளில் சோலைக் காடுகளும் அவற்றைச் சூழ்ந்து புல்வெளிகளும் இருந்தன. செண்பகனூர் என்ற ஊர்ப்பெயரில் உள்ள செண்பகத்தின் காட்டு இனம் இச்சோலைகளில் வளர்கிறது. ஆனால் இன்று மாணவர்கள் கண்முன் அதிகம் தெரிவது சீகை எனப்படும் வாட்டில் மரம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இம்மரம், பட்டையில் உள்ள டேனினுக்காகக் கடந்த நூற்றாண்டில் புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டது. பின்னர் தானாகவும் பரவியது. கடுக்காயில் நாம் கண்ட அதே துவர்ப்புதான் இம்மரத்தை இங்கே கொண்டுவந்தது.

இழப்பு என்ன? மழைநீரை உறிஞ்சி மெல்ல ஓடைகளுக்குத் தருவது புல்வெளி. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் இருப்பிடமும் அதுவே. 2018இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். கொடைக்கானலில் 1936இல் எழுந்த குறிஞ்சி ஆண்டவர் கோயில் அம்மலரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலர் நிற்கப் புல்வெளி வேண்டும். பச்சையாக இருப்பதெல்லாம் இயற்கைக் காடு அல்ல என்பதை மாணவர் உணர இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

செயல்பாடாக, குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரையச் செய்யலாம்: கதை, மருத்துவ மரபு, நாமே கண்டது. “அமுதத்துளி” முதல் பத்தியில் வரும். “திரிபலாவில் சேரும்” இரண்டாவதில். “ஆணி இட்ட நீர் கறுத்தது” மூன்றாவதில். ஒரு பத்தியில் உள்ளதை மற்றொன்றுக்கு மாற்றி எழுதக் கூடாது. கதையைக் கேலி செய்யாமலும், மரபை ஆய்வு முடிவாகக் கொள்ளாமலும் சிந்திக்க இது பழக்கும்.

ஓர் எச்சரிக்கை: அறிமுகமில்லாத இலை, காய் எதையும் மாணவர்கள் சுவைத்துப் பார்க்க அனுமதிக்க வேண்டாம். மருந்தாக உட்கொள்வது தகுதி பெற்ற மருத்துவரின் ஆலோசனைப்படியே. பள்ளி வளாகத்தில் மரக்கன்று நடும் முன், அது அந்த உயரத்துக்கு உரியதா என்று மாணவர்களையே கண்டறியச் சொல்லுங்கள். அடிவாரப் பள்ளிக்கு நெல்லி பொருந்தும். மேல்மலைப் பள்ளிக்குச் சோலை மரம் பொருந்தும். புல்வெளியாக இருக்கும் இடத்தைப் புல்வெளியாகவே விட்டுவைப்பதும் இயற்கைப் பாதுகாப்பே.